மைப்பக்கம், தாள்பக்கம்

மார்ச் 6

மச்சானுக்கு,

நலம் விசாரிக்கும் வரியை எழுதி, பிறகு அடித்துவிட்டேன். எட்டு வருஷமாகப் பேச்சு இல்லாத இரண்டு பேருக்கு அது பொருந்தவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். என்னைக் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்பேன், அது அவனுக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்து ரப்பர் முத்திரையைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கடையிலிருந்து போனவன், மறுநாள் பயிற்சி முகாமிலிருந்து போன் பண்ணினான். போன வாரம் மறுபடியும் போன். "அப்பா, எங்க சார்ஜென்ட் யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்றான். அவனே சிரித்துச் சிரித்து உங்கள் பெயரைச் சொன்னான்.

அவனை திருப்பி அனுப்பிவிடுங்கள். இதுதான் நான் கேட்பது.

அவன் அந்த வேலைக்கு ஆகமாட்டான். இடது வலது தெரியாது. கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியாது. சிரிக்கக்கூடாத இடம் என்று ஒன்று உண்டு என்பதும் தெரியாது. துக்க வீட்டில் எதிரே உட்கார்ந்திருந்தவரின் சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, அவன் அடக்கியதில் நாற்காலி குலுங்கியது. 'தகுதி இல்லை' என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும். அந்த வரிக்கு முத்திரை வேண்டுமானாலும் நானே செய்து அனுப்புகிறேன்.

போன வருஷம்தான் கடைப் பலகையில் 'மற்றும் மகன்' என்று சேர்த்தேன். இப்போது மகன் இல்லாமல் 'மற்றும்' மட்டும் தொங்குகிறது.

நான் எழுதுவது உங்கள் தங்கைக்குத் தெரியாது. போனில் பேசியிருப்பேன், பாதியில் வைத்துவிடுவீர்கள். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிக்கலாம்.

உங்கள் தங்கையின் கணவன்

[சிவப்பு மையில் முத்திரை: மிக அவசரம்]


மார்ச் 15

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. 'அவனை' என்பதற்கும் 'திருப்பி' என்பதற்கும் இடையில் ஒற்று மிகும். எழுத்தை விற்றுப் பிழைக்கிற மனிதர் அதையாவது தெரிந்து வைத்திருக்கலாம்.

எட்டு வருஷம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் எட்டு வருஷம் என்று எழுதவில்லை. நீங்கள் மறந்திருக்கலாம். நான் எதையும் மறக்கிறவன் அல்ல. அதிகாரித் தேர்வில் என்னை மூன்றாம் முறையும் கழித்துக் கட்டிய அன்று உங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். என் அம்மா இருந்தாள், தங்கை இருந்தாள், உங்கள் பக்கத்து உறவு ஒரு கூட்டம் இருந்தது. இனி வயது கடந்துவிட்டது, எழுத முடியாது என்று சொன்னேன். நீங்கள் தட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "லெப்டினன்ட் ஆகலன்னா என்ன மச்சான், லேட்டினன்ட் ஆயிட்டீங்களே" என்றீர்கள். கூட்டம் சிரித்தது. பெற்றவளும் சிரித்தாள். பத்து வயதுப் பையனான உங்கள் மகன் 'லேட்டினன்ட் மாமா, லேட்டினன்ட் மாமா' என்று வீடு முழுக்க ஓடினான். அதற்குப் பிறகு எந்த உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் எனக்கு அதுதான் பெயர். அதனால் கல்யாணங்களுக்குப் போவதை விட்டேன்.

எம்.ஏ. படித்தவன் நான். என்னைக் கழித்த குழுவில் இருந்தவர்களில் ஒருவருக்கு ஒழுங்காக ஒரு வாக்கியம் எழுத வராது. இன்று எனக்குக் கேப்டனாக இருக்கும் இளைஞனுக்குப் பூட்ஸ் கயிறு கட்டச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். இவையெல்லாம் போகட்டும்.

உங்கள் மகன் விஷயம். உறவுக்காரன் அணியில் இருந்தால் மேலே தெரிவிக்க வேண்டும் என்பது விதி. தெரிவித்தேன். வேறு அணிக்கு மாற்றிவிடுங்கள் என்றும் சொன்னேன். கேப்டன் சிரித்தார்.

"நீங்களே வெச்சுக்குங்க சார்ஜென்ட். வேற ஆள்கிட்ட விட்டா சொந்தக்காரன்னு சலுகை கொடுத்துருவாங்க. உங்ககிட்ட அந்த பயம் இல்ல."

இங்கே பயிற்சிக்கு வருகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். உங்கள் மகன் நாற்பத்தொன்று. முதல் நாள் வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராகக் கேட்டு வந்தேன்.

"பேரு?"

"உங்களுக்கே தெரியுமே, சார்ஜென்ட்."

"எனக்கு எதுவும் தெரியாது. மைதானத்தைச் சுத்தி ஓடிட்டு வா. ஓடி முடிக்கறதுக்குள்ள உனக்கும் மறந்துபோயிடும்."

ஓடிவிட்டு வந்தான். மூச்சு வாங்கியது. மறுபடி பெயர் கேட்டேன். "நாற்பத்தொண்ணு, சார்ஜென்ட். மறந்துபோச்சு, சார்ஜென்ட்" என்றான். பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். மொத்த அணியும் ஓடியது.

இப்போது உங்கள் வேண்டுகோளுக்குப் பதில். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். படித்த பிறகு, பல வருஷங்களில் எனக்கு வந்த கடிதங்களில் இவ்வளவு சந்தோஷம் கொடுத்தது வேறு இல்லை என்று தோன்றியது. உங்களுக்கு அவன் திரும்பி வர வேண்டும். ஆகவே வரமாட்டான். அவனைச் சிப்பாய் ஆக்காமல் விடமாட்டேன்.

சார்ஜென்ட், பயிற்சிப் பிரிவு


மார்ச் 23

மச்சானுக்கு,

ஒற்றைக் கவனித்தேன். நன்றி.

நீங்கள் ஒரு ஜோக்கை எட்டு வருஷம் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். என் கடையில் ரப்பரே அவ்வளவு நாள் தாங்காது.

அவனைச் சிப்பாய் ஆக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆக்குங்கள் பார்க்கலாம். முதலில் வலது பக்கம் திருப்பிப் பாருங்கள். அந்த வித்தை இந்த உலகத்தில் ஒரே ஒருத்தனுக்குத்தான் தெரியும், அது நான். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் அதற்காகவே மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். வித்தையை உங்களுக்குச் சொல்வதாக இல்லை.

கடை நன்றாகத்தான் நடக்கிறது. ஒரே ஒரு சங்கடம். செய்கிற முத்திரையையெல்லாம் கடைசியாகப் படித்துப் பார்ப்பது அவன் வேலையாக இருந்தது. போன வாரம் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்துக்கு 'சரிபார்க்கப்பட்டது' என்று ஒன்று செய்துகொடுத்தேன். அவசரத்தில் ஒரு எழுத்தில் கொக்கியைச் சேர்த்துவிட்டேன். 'சிரிபார்க்கப்பட்டது' என்று விழுந்திருக்கிறது. அவர்கள் ஒரு வாரம் எல்லாக் கோப்புகளிலும் குத்தித் தள்ளியிருக்கிறார்கள். ஒருவரும் கவனிக்கவில்லை. கடைசியில் கண்டுபிடித்தது டீ கொண்டுவருகிற அம்மா. மேலாளர் கடைக்கு வந்து மேசையில் அடித்துக் கத்தினார். நான் பணிவாகக் கேட்டுக்கொண்டு நின்றேன். அவர் போன பிறகு இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று திரும்பினேன். பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை.

இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. அடித்துவிடலாம் என்றால் அழகாக எழுதியிருக்கிறேன்.

அவன் சாப்பிடுகிறானா?

உங்கள் தங்கையின் கணவன்


ஏப்ரல் 3

மாப்பிள்ளைக்கு,

சாப்பிடுகிறான். மற்றவர்கள் தட்டில் வைப்பதையும் சாப்பிடுகிறான்.

இடது வலது பற்றி நீங்கள் எழுதியதை மிகைப்படுத்தல் என்று நினைத்திருந்தேன். போன வாரம் ஒரு காலை அணியை நேராக நிறுத்தி, வலப்பக்கம் திரும்பு என்று கட்டளை கொடுத்தேன். எல்லோரும் வலப்பக்கம் திரும்பினார்கள். நாற்பத்தொன்று இடப்பக்கம் திரும்பினான். அவனுக்கு அந்தப் பக்கம் நிற்பவன் நல்ல உயரம், பயல்கள் அவனை ஏணி என்கிறார்கள். உங்கள் மகனின் மூக்கு ஏணியின் மார்பில் போய் இடித்தது. அதோடு விட்டிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். மைதானமே ஊசி விழுந்தால் கேட்கிற அமைதியில் இருக்கிறது, இவன் தலையை அண்ணாந்து, "ஏண்ணே, இந்தப் பக்கம் வழி இல்லையா?" என்றான்.

அணி உடைந்துவிட்டது. உடைந்தது என்றால் உண்மையிலேயே வரிசை கலைந்து, ஒருவன் மேல் ஒருவன் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள். நான் அவனை முன்னால் கூப்பிட்டேன்.

"சிரிக்க வைக்கணுமா உனக்கு? நீ சிரி. நான் நிறுத்துன்னு சொல்ற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே இரு. இது கட்டளை."

"எந்த மாதிரி சிரிக்கணும், சார்ஜென்ட்?"

"சத்தமா."

சிரித்தான். முதலில் நன்றாகவே சிரித்தான். கொஞ்ச நேரத்தில் வில்லன் சிரிப்பு, குழந்தை சிரிப்பு, தும்மல் மாதிரி ஒரு சிரிப்பு என்று கைவசம் இருந்ததையெல்லாம் இறக்கினான். மற்றவர்களை அசையாமல் நின்று பார்க்கச் சொல்லியிருந்தேன். வெயில் ஏறியது. அவன் குரல் வறண்டு இருமலாகிவிட்டது.

"சார்ஜென்ட், சிரிப்பு தீந்துபோச்சு."

"பக்கத்துல கடன் வாங்கு."

நான் இதைக் கோபத்தில்தான் சொன்னேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆனால் ஏணி அதைத் தாங்கவில்லை. ஏணி சரிந்ததும் எல்லோரும் சரிந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கேப்டன் வந்து நின்றார்.

"என்ன நடக்குது இங்க?"

"சிரிப்புத் தண்டனை, சார்."

"அப்படி ஒண்ணு பாடத்திட்டத்துல இருக்கா?"

"இல்ல, சார்."

கேப்டன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொடிக்கம்பத்தை நெடுநேரம் ஆராய்ந்தார். கொடிக்கம்பத்தில் ஆராய ஒன்றுமில்லை. என் பூட்ஸ் கயிறு அவிழ்ந்திருந்ததால் நான் குனிந்தேன். கட்டி நிமிரக் கொஞ்ச நேரம் பிடித்தது. வேறு எதையும் நீங்கள் ஊகித்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் விஷயம் வேடிக்கை இல்லை. மே மாதம் கர்னல் முன்னிலையில் அணிவகுப்புத் தேர்வு. ஓடுவது, ஏறுவது, சுடுவது எல்லாவற்றிலும் அவன் நடுத்தரத்துக்கு மேல். அணிவகுப்பில் ஒரே ஒருமுறை தப்பாகத் திரும்பினாலும் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், நான் சொல்லி எதுவும் நடக்காது. உங்கள் ஆசை என் தயவில்லாமலே நிறைவேறும் போலிருக்கிறது. இதைத் தெரிவிக்கவே எழுதினேன். நீங்கள் ஏதோ வித்தை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது தேவையில்லை.

சார்ஜென்ட், பயிற்சிப் பிரிவு


ஏப்ரல் 12

மச்சானுக்கு,

தேவையில்லாத வித்தையைப் பற்றி ஒரு வரி எழுதுவானேன்? 'சொல்லுங்கள் மாப்பிள்ளை' என்று எழுத உங்களுக்குக் கை வரவில்லை. வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் கடிதம் உங்கள் தங்கை கையில் மாட்டிவிட்டது. நின்றபடியே முழுவதையும் படித்தாள். 'பக்கத்துல கடன் வாங்கு' என்ற இடத்தில் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "என் புள்ளைய நடுவுல நிறுத்தி ரெண்டு பேரும் கபடி ஆடுறீங்களா? ஒருத்தர் திருப்பி அனுப்புங்கறாரு, இன்னொருத்தர் அதுக்காகவே அனுப்ப மாட்டேங்கறாரு. அவன் என்ன ஆசைப்படறான்னு யாராவது கேட்டீங்களா?" என்றாள். நான், அவனும் என்னைக் கேட்கவில்லையே என்றேன். அன்று முழுவதும் வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின.

அவனுடைய கடிதம் ஒன்றும் வந்தது. அவன் என்ன எழுதியிருக்கிறான் என்று சொல்லட்டுமா? காலையில் படுக்கையை மடிப்பது நன்றாக இருக்கிறதாம். மடித்த படுக்கையின் மேல் சார்ஜென்ட் ஒரு நாணயத்தைச் சுண்டிப் போடுகிறாராம், அது எகிறாவிட்டால் பிரித்து மறுபடி மடிக்க வேண்டுமாம். முதல்முதலாக எகிறிய அன்று அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். இங்கே பதினெட்டு வருஷத்தில் அவன் ஒரு போர்வையை மடித்து நான் பார்த்ததில்லை. கடிதம் முழுக்க 'சார்ஜென்ட்' என்றுதான் இருக்கிறது. ஒரு இடத்திலும் மாமா என்று இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். பட்டாளத்தில் இந்நேரம் உங்கள் பட்டப்பெயர் பரவியிருக்குமே? அவன் வாயில் எதுவும் தங்காது. அதற்காகத்தான் அவனைக் காய்கிறீர்கள் என்றால், அந்தக் கோபத்தை என் மேல் காட்டுங்கள். சொன்னவன் நான்தான்.

உங்கள் தங்கையின் கணவன்


ஏப்ரல் 20

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆனது.

அந்தப் பெயர் வெளியே வரும் என்று முதல் நாளிலிருந்தே எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றால், வந்துவிட்டது என்று நினைப்பேன். யாராவது 'லேட்' என்று சொன்னால் காது அங்கே போகும். ஒருவன் தாமதமாக வந்து "லேட்டாயிடுச்சு, சார்ஜென்ட்" என்றதற்கு அவனை நான் விரட்டிய விரட்டலை அவன் இன்னும் புரிந்துகொள்ளவில்லை.

ஒரு மதியம் துணி துவைக்கும் இடத்துக்குப் பின்னால் குழாய் ஒழுகுவதைப் பார்க்கப் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் பயல்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இஸ்திரிப்பெட்டி இன்னிக்கு செம சூடு" என்றான் ஒருவன்.

இஸ்திரிப்பெட்டி நான்தான். வைத்தது உங்கள் மகன் என்று ஏற்கெனவே சமையல்காரர் சொல்லியிருந்தார். விளக்கமும் சொன்னார்: சூடாக இருப்பார், கனமாக இருப்பார், நம் மேலேயே போவார், போனபிறகு நாம் நேராக இருப்போம். எனக்குக் கோபம் வரவில்லை. உவமை பிசகில்லாமல் இருந்தது.

ஏணியின் குரல் கேட்டது. "டேய் நாப்பத்தொண்ணு, அவரு உன் சொந்த மாமாவாமே. கேப்டன் ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. வீட்டுல அவருக்கு வேற பேரு ஏதாவது இருக்குமே, சொல்லுடா."

நான் அங்கிருந்து போயிருக்க வேண்டும். போகவில்லை.

"இருக்கு."

"என்ன பேரு?"

"எங்கம்மா அவரை அண்ணன்னு கூப்பிடுவாங்க."

"அது பேராடா? கேலிப் பேரு கேக்கறேன்."

"அது எதுவும் இல்ல. அவரைக் கேலி பண்ற அளவுக்கு எங்க வீட்டுல யாருக்கும் தைரியம் கிடையாது. சோப்பைக் குடு, எவ்வளவு நேரம் வெச்சிருப்ப."

மாப்பிள்ளை, மூக்கு இடித்த இடத்தில்கூட வாயை மூட முடியாத பையன் அவன். அந்தப் பெயர் அவன் கையில் இருந்திருக்கிறது. அதைச் சொல்லியிருந்தால் அந்த அணி அவனைத் தோளில் தூக்கியிருக்கும். கட்டுப்பாடு என்றால் என்ன என்று இருபத்திரண்டு வருஷமாகக் கத்திக் கத்திச் சொல்லிக் கொடுக்கிறேன். யாரும் கத்தாமலே அவனுக்கு அது தெரிந்திருக்கிறது.

இப்போது தேர்வு. அவனுடைய வலது மணிக்கட்டில் கயிறு கட்டிப் பார்த்தேன். குனிந்து கயிற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறான், அதற்குள் மற்றவர்கள் திரும்பி முடித்துவிடுகிறார்கள். வலது சட்டைப்பையில் கல்லைப் போடச் சொன்னேன். கல் இருக்கும் பக்கம் வலது என்று தெரிகிறது, ஆனால் அது யாருக்கு வலது என்று யோசிக்கிறானாம். "எனக்கா, எதிர்ல நிக்கற உங்களுக்கா, சார்ஜென்ட்?" என்று கேட்கிறான். கேலியாகக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தேன். நெற்றி வியர்த்திருந்தது. போன வாரம் திரும்பும் பயிற்சிக்கு முன்னால் வாந்தி எடுத்திருக்கிறான். இந்த வேலை அவனுக்கு அவ்வளவு வேண்டியிருக்கிறது.

வித்தையைச் சொல்லுங்கள், மாப்பிள்ளை.

மச்சான்


ஏப்ரல் 27

மச்சானுக்கு,

நீங்கள் 'சொல்லுங்கள்' என்று எழுதும் நாளுக்காகக் காத்திருந்தேன். வந்தால் என்னென்ன கேலி செய்யலாம் என்று நிறைய யோசித்து வைத்திருந்தேன். கடிதம் வந்து, அந்த வாந்தி விஷயத்தைப் படித்த பிறகு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

சொன்னால் அவன் அங்கேயே இருந்துவிடுவான். சொல்லாவிட்டால் அடுத்த மாதம் இங்கே வந்துவிடுவான். நாலைந்து நாள் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். உங்கள் தங்கை கவனித்துக்கொண்டே இருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன்.

விஷயம் இதுதான். எங்கள் தொழிலில் ரப்பரில் எல்லாம் தலைகீழாக இருக்கும். ரப்பரில் இடப்பக்கம் இருப்பது தாளில் வலப்பக்கம் விழும். அவன் சின்னவனாக இருந்தபோது ஒருவர், இடது பக்கம் தராசுப் படம், வலது பக்கம் பெயர் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு ஒரு இடது, எனக்கு ஒரு இடது, அவனுக்கு ஒரு இடது. மூன்று முறை செய்தும் தராசு வேறு வேறு பக்கம் போய் நின்றது. அன்றோடு இடது, வலது என்ற இரண்டு சொல்லையும் கடைக்குள் பேசக்கூடாது என்று வைத்துவிட்டேன். எங்கள் மேசையில் மைப்பெட்டி எப்போதும் ஒரு பக்கம், தாள் மறுபக்கம். 'மைப்பக்கம் நகர்த்து', 'தாள்பக்கம் தள்ளு', இப்படித்தான் பேசுவோம். வீட்டிலும் அதே பேச்சு வந்துவிட்டது. அவன் எழுத்துக் கற்பதற்கு முன்னால் கற்றது அது. இடது வலது என்றால் அவன் யோசிப்பான், யோசித்தால் புரட்டிவிடுவான். மைப்பக்கம் என்று சொல்லிப் பாருங்கள், தூக்கத்தில்கூடத் தப்பாகத் திரும்பமாட்டான்.

மைப்பக்கம் என்றால் உங்கள் இடது. தாள்பக்கம் என்றால் வலது.

இதை மைப்பக்கம் உட்கார்ந்து எழுதுகிறேன். தாள்பக்கத்து நாற்காலி அவனுடையது. வருகிறவர்கள் அதில் பையை வைக்கிறார்கள், எடுக்கச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் தங்கையின் கணவன்


மே 12

மாப்பிள்ளைக்கு,

தேர்வு முடிந்தது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஒருவனுக்கு மட்டும் தனிப் பயிற்சி கொடுத்தால் சலுகை என்பார்கள். ஆகவே மொத்த அணிக்கும் கொடுத்தேன். காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் சமையல்கூடத்துக்குப் பின்புறம் நிறுத்தி, "மைப்பக்கம் திரும்பு" என்றேன். எல்லோரும் விழித்தார்கள். ஒருவன் மட்டும் திரும்பினான், விசையை அழுத்தியதுபோல. திரும்பியவன் முகத்தை நான் பார்த்தேன். யாரோ தன்னை வீட்டிலிருந்து கூப்பிட்டது மாதிரி இருந்தது.

"சார்ஜென்ட், மைப்பக்கம்னா எந்தப் பக்கம்?" என்றான் ஏணி.

"நாற்பத்தொண்ணு எந்தப் பக்கம் திரும்பறானோ அந்தப் பக்கம்."

வந்த நாளிலிருந்து திரும்புவதற்கு அவனைப் பார்த்து யாரும் கற்றதில்லை. அன்று எல்லோரும் அவனைப் பார்த்துத் திரும்பினார்கள். பிறகு 'மைப்பக்கம், இடப்பக்கம் திரும்பு' என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னேன். நாளடைவில் முதல் பாதியை மெல்லச் சொல்லி, பிறகு முணுமுணுத்து, பிறகு விட்டேன். அவன் மனத்துக்குள் அதைத் தானே சொல்லிக்கொள்ளப் பழகிவிட்டான். உதடு அசைகிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். அசையவில்லை.

தேர்வன்று கர்னல் வந்தார். மைதானத்தில் கேப்டன், இன்னும் நாலைந்து அதிகாரிகள். அவர்களில் ஒருவர் என்னைக் கழித்த குழுவில் இருந்தவர். அவர் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. நான் கண்டுகொண்டேன். அணியை நிறுத்தினேன். அந்த மனிதரின் முகம் என் கண்ணெதிரே இருக்கிறது. இந்த ஆளுக்கு முன்னால் ஒரு பிசகும் வரக்கூடாது என்று எண்ணிக்கொண்டே முழுக் குரலில் கட்டளை கொடுத்தேன்.

"தாள்பக்கம்... திரும்பு!"

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அணி ஒரே உடம்பாக வலப்பக்கம் திரும்பியது, அத்தனை ஜோடி பூட்ஸும் ஒரே அடி. இத்தனை வருஷத்தில் அவ்வளவு சுத்தமான திருப்பத்தை நான் பார்த்ததில்லை.

கர்னல் மெதுவாக நடந்து என்னிடம் வந்தார்.

"சார்ஜென்ட், அது என்ன பக்கம்?"

"தாள்பக்கம், சார்."

"பட்டாளத்துல மொத்தம் எத்தனை பக்கம்?"

"நாலு, சார்." பொய் சொல்ல வரவில்லை. "எங்க அணியில ஆறு, சார்."

எனக்குப் பின்னால் அத்தனை பேர். எந்த நொடியும் உடைவார்கள் என்று காத்திருந்தேன். உடைந்தால் எல்லாம் போயிற்று. ஒரு சத்தமும் இல்லை. பிறகு கேப்டன் சொன்னார், ஏணியின் கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததாம். சட்டைப் பொத்தான்கள் எழும்பி எழும்பி அடங்கினவாம். நாற்பத்தொன்று மட்டும் சிலையாக நின்றானாம். சிரிக்கக்கூடாத இடம் ஒன்று உண்டு என்பது தெரியாது என்று அவனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தெரிந்துகொண்டான்.

"இப்ப புத்தகத்துல இருக்கற மாதிரி சொல்லுங்க" என்றார் கர்னல். சொன்னேன். வலம், இடம், மறுபடி இடம், பின்புறம், வலம். அவன் ஒரு இடத்திலும் தவறவில்லை.

உங்கள் மகன் தேறிவிட்டான்.

எனக்கு எழுத்து மூலமாக ஒரு எச்சரிக்கை வந்திருக்கிறது: 'விதிப்படி இல்லாத கட்டளைச் சொல்'. என் பணிக்காலத்தில் இதுதான் முதல் எச்சரிக்கை. வழக்கமாக இதற்கு ஒரு வருஷம் புழுங்கியிருப்பேன். அன்று நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். இந்த நிம்மதி எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, தேடவும் இல்லை.

இம்மாதக் கடைசியில் நிறைவு அணிவகுப்பு. குடும்பத்தாருக்கு நாற்காலி உண்டு என்று விதி சொல்கிறது. நான் எதுவும் சொல்லவில்லை.

மச்சான்


ஜூன் 4

மச்சானுக்கு,

அணிவகுப்புக்கு நான் வரவில்லை. கடையில் வேலை என்று சொல்லி அனுப்பினேன். உங்கள் தங்கை அதை உங்களிடம் எந்தக் குரலில் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அன்று கடையைத் திறக்கவே இல்லை. உங்கள் எதிரில் எப்படி வந்து நிற்பது என்று தெரியவில்லை, அதுதான் நிஜம்.

நீங்கள் அவளோடு ஒரு மணி நேரம் பேசினீர்களாம். என்ன பேசினீர்கள் என்றால் சொல்லமாட்டேன் என்கிறாள். முகம் மட்டும் நன்றாக இருக்கிறது.

அவன் விடுமுறைக்கு வந்து இறங்கினான். முதல் இரண்டு நாள் நான் பயந்துபோனேன். விடியும்போதே எழுந்து, படுக்கையை மடித்து, கடை மேசையைத் துடைத்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். ஒரு கேலி இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. 'என் பையனை என்ன செய்தீர்கள்' என்று உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, மை தீர்ந்திருந்தது.

மூன்றாம் நாள் மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவன் முதலில் முடித்து எழுந்துவிட்டான். நான் தட்டிலேயே கை கழுவப் போனேன். வாசல் பக்கமிருந்து ஒரு குரல்.

"நீங்க! அந்தக் கையை எங்க கொண்டு போறீங்க? தட்டு என்ன குளமா? எழுந்திரிங்க! தோளை நிமித்துங்க! வயித்தைக் கேக்காம வெளிய விட்டது யாரு?"

நான் எழுந்து நின்றுவிட்டேன், மச்சான். நிஜமாகவே எழுந்து, தோளை நிமிர்த்தி நின்றேன். அவன் வாயில் உங்கள் குரல். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகவாயை அந்த மாதிரித் தூக்கிக்கொண்டு, நீங்களே எங்கள் வாசலில் நின்றீர்கள். உங்கள் தங்கை அப்படிச் சிரித்து வருஷக்கணக்காகிறது. சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் திரும்பி வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

அவன் அடுத்த வாரம் எல்லைப் பக்கம் போகிறான். கடைப் பலகையை மாற்றப் போவதில்லை. மகன் மகன்தான், எங்கே நின்றாலும்.

எங்கள் தொழில் பாஷையில் ஒன்று சொல்லி முடிக்கிறேன். நகலைப் பார்த்தாயிற்று. பிசிறில்லாமல் இருக்கிறது. ஆனால் நகலை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? அசலை அனுப்பி வையுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


ஜூன் 11

மாப்பிள்ளைக்கு,

விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷத்தில் நானாக விடுப்புக் கேட்டது இல்லை என்பதால் கேப்டன் பயந்துவிட்டார்.

"வீட்டுல ஏதாவது பிரச்சினையா, சார்ஜென்ட்?"

"இல்ல சார். சாப்பாடு."

அவருக்குப் புரியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை மதியம் வருகிறேன். தங்கையிடம் தடபுடல் எதுவும் வேண்டாம் என்று சொல்லவும். சொன்னாலும் கேட்கமாட்டாள்.

நான் வருவதால் உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மன்னிக்கவில்லை. அதை நேரில் உட்கார்ந்து விளக்கமாகச் சொல்ல வேண்டும், அதற்கு இரண்டு மூன்று நாளாவது பிடிக்கும். படுக்கைக்கு ஏற்பாடு செய்யவும்.

மச்சான்